படித்திருப்பம்

மாடிப்படித் திருப்பத்தில் பிணம் மாட்டிக்கொண்டது. தலைப்பக்கம் பிடித்திருந்த எதிர்வீட்டு சந்துகாகா மேல்படியில் நின்று மூச்சு வாங்கினார். கால்பக்கம் பிடித்திருந்த பார்கவ், அப்பாவின் பாதங்களை மார்போடு அணைத்தபடி நின்றான். பூவும் கிளியுமாகச் செதுக்கிய மரத்தடுப்பு வழியை மறித்தது.

"விறைச்சுப் போச்சு. விடிகாலைல போன உசுரு. மூத்தவன் வரட்டும் வரட்டும்னு மத்தியானம் வரைக்கும் வச்சிருந்தா உடம்பு மடங்குமா?" என்றார் சந்துகாகா. எதையும் மென்று விழுங்கத் தெரியாத மனிதர்.

மும்பையிலிருந்து வந்து சேர்ந்திருந்த மூத்தவன் ஹசித் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். "நிமிர்த்தி நிக்க வச்சு இறக்கிடலாம். தடுப்புல மட்டும் இடிக்காம பாத்துக்கோங்க."

மாடியில் விளக்கருகே நின்றிருந்த ஜாக்ருதி படியருகே வந்தாள். பார்கவின் மனைவி அவள். மாமனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

"நிக்க வைக்கக் கூடாது," என்றாள். மூத்தார் முன் அவள் குரல் உயர்ந்தது அன்றுதான். "இந்தப் படியில பாபுஜி நின்னு நின்னு இறங்கினது போதும். இன்னிக்காவது படுத்துட்டு இறங்கட்டும்."

ஹசித் பழைய கட்டடங்களைக் காப்பதற்கு ஆலோசனை சொல்கிறவன். அகமதாபாத்தின் போள்களில், வாயில் வைத்த அந்தப் பழைய தெருக்களில், எந்த வீட்டு ஜன்னலை மாற்றலாம், எந்தச் சுவரைத் தொடக்கூடாது என்று கேட்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. முதல் தரப் பாரம்பரியக் கட்டடம் என்று அறிக்கை எழுதி, முன்கூடத்தை வருகிறவர்களுக்குக் காட்டும் இடமாக்கினான். கூடத்தில் வெறும் ஊஞ்சல் தொங்கியது. அப்பா ரமணிக்லால் மாடிக்கு ஏற்றப்பட்டார். கக்கூஸ் மட்டும் கீழே முற்றத்தில்.

அந்தச் செங்குத்தான படியில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறுதான் உண்டு. பாபுஜி ஒரே ஒரு தடவை கேட்டார். "பேட்டா, அந்தத் தடுப்பை எடுத்துட்டு ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சுக் குடு. திருப்பத்துல கால் வைக்க எடமில்ல."

"அது எடுக்கிற சாமான் இல்ல பாபுஜி. கை வச்சா பொடிஞ்சுடும்," என்றான் ஹசித்.

அதன்பிறகு, ராத்திரியில் படியிறங்க வேண்டி வருமே என்று, இருட்டினால் கிழவர் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். ஜாக்ருதி தம்ளரை நீட்டினால் சிரிப்பார். "எனக்கு வேண்டாம்மா. உன் மூத்தாரு மோட்டாபாயோட மரத்துக்கு ஊத்து." அப்படியும் மழைக்காலத்தில் ஒருநாள் ராத்திரி இறங்க வேண்டி வந்தது. அந்தத் திருப்பத்தில்தான் விழுந்தார். இடுப்பு உடைந்து படுத்தவர் பிறகு எழவில்லை.

"என்னப்பா ஹசித், உங்கப்பன் பெருசா, பலகை பெருசா?" வாசலில் போளே திரண்டு நிற்கிறது என்று தெரிந்தேதான் சந்துகாகா கத்தினார்.

ஹசித்தின் முகம் சிவந்தது. "சரி, கழட்டலாம். ஆனா முறைப்படிதான் கழட்டணும்."

பையைத் திறந்து எண் அச்சடித்த ஒட்டுச்சீட்டுகளை எடுத்தான். தடுப்பின் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சீட்டு ஒட்டினான். ஒட்டி, தள்ளி நின்று, படம் பிடித்தான். பார்கவ் பாதங்களை இறுக்கிப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தான்.

"சீக்கிரம், மோட்டாபாய்."

"நம்பர் போடாம எடுத்தா எது எங்கன்னு அப்புறம் தெரியாது பார்கவ். ஒரு நிமிஷம்."

மர ஆணிகளைத் தட்டியதும் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒரு கிளியின் மூக்குகூட உடையவில்லை. துண்டுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள்.

"இது கழட்ட வருமா?" என்றாள் ஜாக்ருதி.

 அந்தத் துண்டுகளை உரசிக்கொண்டு ரமணிக்லால் படுத்தபடியே இறங்கினார்.

வாசலில் மூங்கில் பாடையில் வைத்துக் கட்டினார்கள். ஹசித் நெருப்புச் சட்டியுடன் முன்னால் நடக்க, "ராம் போலோ பாய் ராம்" என்று பாடை நகர்ந்தது. பெண்கள் போளின் வாயில்வரைதான் போகலாம். அங்கே பாடை தன்னைக் கடந்தபோது ஜாக்ருதி பார்த்தாள். வெள்ளைத் துணியில், இடுப்புக்கு நேராக, ஏழு என்று அச்சடித்த சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கக் கையை நீட்டினாள். பிறகு மடக்கிக்கொண்டாள். பாடை திரும்பி மறைந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்தார்கள். ஈரத்தலையோடு ஹசித் முன்கூடத்துத் தரையில் துண்டுகளைப் பரப்பி வரிசைப்படுத்தினான்.

"நாளைக்கு ஆசாரி வந்து மாட்டிடுவான்," என்றான், யாரும் கேட்காமலே. ஒரு கிளியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆறு இருக்கு, எட்டு இருக்கு. ஏழு எங்க போச்சு?"

"அது பாபுஜியோட போயிடுச்சு, மோட்டாபாய்," என்றாள் ஜாக்ருதி.

அவன் நிமிர்ந்தான். கிளி கையிலேயே இருந்தது. ஜாக்ருதி சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"குடிங்க. நீங்க கீழதானே படுக்கப்போறீங்க."

பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.