பதினைந்தாவது முறைப்பாடு

மறைப்புச் சீலைக்குள்ளிருந்து தண்ணீர் போதவில்லை என்று குரல் வந்தது. நளீர் கிணற்றடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உள்ளே அவனுடைய ஒரே ராத்தா, மூத்தவள் ஸகியாவின் மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். டெங்குக் காய்ச்சல். ஐந்தே நாள்தான், நேற்று அந்தியில் ஆசுபத்திரியில் மவுத்தாகிவிட்டாள்.

ராத்தா வீட்டு வேலிக்கு வெளியே பிரதேச சபையின் ட்ரெக்டர் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கி, வடிகானை அடைத்துக் கிடந்த வெள்ளை நுரை ரெஜிபோம் மீன்பெட்டிகளை இழுத்து இழுத்து வெளியே போட்டார்கள். மூன்று மாதம் தேங்கிக் கிடந்த கறுத்த தண்ணீர் அரைமணித்தியாலத்தில் ஓடி முடிந்தது. அரைமணித்தியால வேலை! அதற்கு ஒரு மையித்து விழவேண்டியிருந்தது.

"இப்பயாவது வந்தாங்களே," என்று வாளியை வாங்கினாள் பக்கத்து வீட்டு ஹிமாயா. "நாங்க எல்லாரும் சேந்து ஒரு மனுக் குடுப்பம் எண்டு நிண்டம் தம்பி. உங்கட ராத்தாதான் விடல்ல. 'என்ட தம்பி அவன்ட கையால எழுதி வெச்சிரிக்கான், வருவாங்க, அவனுக்குக் கரைச்சல் குடுக்காதீங்க' எண்டு சென்னா."

நளீர் அடுத்த வாளிக்குக் கிணற்றடிக்குத் திரும்பினான்.

சபையில் அவன் கிளாக்கர். மாரிக்கு முன்பு டெங்கு ஆயத்தக் கூட்டம் வைத்து ஊர்ச்சனத்தின் குறைகளை, முறைப்பாடுகளைக் கேட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது அவன் வேலை. பதினாலு பேர் பேசினார்கள், பதினாலையும் எழுதினான். பதினைந்தாவதாக எழும்பியது ராத்தா. வடிகானைப் படமெடுத்து வந்திருந்தாள். ஃபோனை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, மூச்சு விடாமல் பேசினாள். பின்வரிசையில் யாரோ, "கிளாக்கர்ர ராத்தா கதைச்சா வேலை முடிஞ்சிரும்" என்று சிரித்தார்கள்.

நளீருக்கு முகம் செத்துவிட்டது. ராத்தா இருப்பது வாப்பாவும் அவனும் கல்லுச் சுமந்து கட்டிக்கொடுத்த சீதன வீடு. சொந்த வீட்டு வாசலுக்குச் சபை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான் என்று நாளைக்கு ஊர் கதைக்கும். அந்தப் பயம்தான்.

ராத்தா கெட்டிக்காரி. அத்தனை பேருக்கு முன்னால் அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை. "கிளாக்கர், எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றான். பேனையை அப்போதே மூடி வைத்திருந்தான். பிறகு யாரிடமாவது வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அதையும் மறந்துபோனான். பெரிய மானஸ்தன்!

நண்பகல் லுஹருக்குப் பிறகு பள்ளியில் ஜனாஸாத் தொழுகைக்கு வரிசை நின்றது. மையித்துக் கிடந்த சந்தூக்குக்குப் பக்கத்தில் நின்று ஊராரிடம் மன்னிப்பும் பொருத்தமும் கேட்பது வீட்டு ஆணின் கடமை. ராத்தாவின் புருஷன் றஸாக் மச்சானுக்குக் குரல் எழும்பவில்லை. நளீரின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளிவிட்டார்.

"என்ட ராத்தா... ஆரையாவது வாயால, கையால நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க."

"பொருந்திட்டம்," என்றது பள்ளி முழுவதும்.

அவளுக்கு எவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது! அவனைப் பொருந்திக்கொள்ளவேண்டிய ஒரே ஆள் சந்தூக்குக்குள் கிடந்தாள். மனிசருக்குச் செய்த தீங்கை அந்த மனிசர்தான் பொறுக்கவேண்டும் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தது அப்போதா ஞாபகம் வரவேண்டும்? தொழுவிக்க நின்ற லெப்பை இரண்டு தரம் சொன்ன பிறகுதான் வரிசைக்குத் திரும்பினான்.

அடக்கிவிட்டு வந்தபோது சுகாதாரப் பரிசோதகர் கிருஷாந்தன் ராத்தா வீட்டு வாசலில் படிவத்தோடு காத்திருந்தார். சின்னத் தெரு அந்த ஒழுங்கை, எங்கும் கொசுப் புகை அடித்த மணம்.

"குறை நினைக்காதீங்க நளீர். டெங்கு மரணமெண்டா அறிக்கை இண்டைக்கே போகணும்." கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்த ஒழுங்கையில இருந்து முன்னம் முறைப்பாடு ஒண்டும் வரல்லதானே? கூட்டக் குறிப்பில பாத்தன், இல்ல. அப்ப இல்லையெண்டு போடுறன்."

போட்டுவிட்டால் முடிந்தது. சபைக் காகிதத்தில் ராத்தா வாயே திறக்காதவள் ஆகிவிடுவாள். அவனும் தப்பிவிடுவான்.

"போடாதீங்க சேர்," என்றான் நளீர். "அவ சென்னா. பதினைஞ்சாவதா எழும்பிச் சென்னா. எழுதிட்டீங்களா எண்டும் கேட்டா. நான் ஓம் எண்டன். எழுதல்ல."

கிருஷாந்தனின் பேனை அப்படியே நின்றது. அவருடைய பார்வை நளீரைத் தாண்டிப் பின்னால் போனது.

நளீர் திரும்பினான். ராத்தாவின் மகள் றினோஸா, ஹிமாயா வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணியை இரண்டு கோப்பைகளில் ஏந்திக்கொண்டு நின்றாள். எப்போதிருந்து நின்றாளோ.

ஒன்றைக் கிருஷாந்தனிடம் நீட்டினாள். "குடிங்க சேர்."

நளீருக்கென்று கொண்டுவந்த மற்றக் கோப்பையைச் சிந்தாமல் பிடித்தபடி உள்ளே திரும்பிப் போனாள்.