முயல் காது வைத்த யானை

யானைக்கு முயல் காது கிடையாது என்பது யோங் பெங் ஊரில் பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஷாமளாவின் கைப்பேசியில் அன்று காலை வந்து நின்ற யானைக்கு இருந்தது. குரோஷே நூலில் பின்னிப் பஞ்சடைத்து, முதுகில் கயிறு கோத்த உள்ளங்கையளவு யானை. கார்க் கண்ணாடியில் தொங்கவிடுகிற சாமான். தும்பிக்கை இருந்தது, நாலு கால் இருந்தது, வாலும் இருந்தது. காது மட்டும் முறம்போல விரியாமல் இரண்டு வாழைப்பூ மடல் மாதிரி மேல்நோக்கி விறைத்து நின்றது.

படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் விளம்பரம்: 'ஐராவதக் குட்டி. தமிழர் பாரம்பரியக் கைவினையின் மறுமலர்ச்சி. கூலாய் மண்டபத்தில் ஒரு நாள் சான்றிதழ்ப் பயிலரங்கு. நடத்துபவர் கலைச்சுடர் வசந்தினி ஐயாத்துரை. நிறுவனர், தலைவர், முதன்மைப் பயிற்றுநர்.' மூன்று பதவிக்கும் ஒரே ஆள்தான் என்பதால் அந்தக் கழகத்தில் தேர்தல் சண்டைக்கு இடமில்லை.

ஷாமளா தோசையைத் திருப்ப மறந்தாள். "இது எங்க யானைங்க," என்றாள்.

கணவர் மனோகரன் நாளிதழிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நீ எப்ப யானை வளத்த?"

"ஹாஸ்டல்ல. சனிக்கிழமை என்னைய கூலாய்க்குக் கூட்டிட்டுப் போகணும்."

மனோகரன் இருபத்தேழு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவர். மேற்கொண்டு கேள்வி கேட்காமல் டயருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

ஹாஸ்டல் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. கூலாய்க்கும் செடெனாக்குக்கும் நடுவே ஓர் ஒற்றை மாடித் தொடர்வீடு. தொண்ணூற்று மூன்றாம் வருடம், வானொலிப் பெட்டிக்குப் பாகம் செய்கிற ஜப்பான்காரத் தொழிற்சாலையில் சோல்டரிங் வைக்கும் எட்டுப் பெண்கள் அதில் இருந்தார்கள். எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை. காலை ஐந்தரைக்கு பஸ் வந்துவிடும். மற்றவர்கள் குளியலறைக் கதவைத் தட்டுவார்கள். சாஆ என்ற ஊரிலிருந்து வந்த கருப்பாயி தட்டமாட்டாள், வெளியே நின்று பாடுவாள். உள்ளே இருப்பவள் அதைத் தாங்க முடியாமல் சோப்பு நுரையோடு வெளியே வந்துவிடுவாள்.

லாபிஸிலிருந்து வந்த ஷாமளாவுக்குப் படுக்கை கருப்பாயிக்குப் பக்கத்தில் கிடைத்தது. அன்றிலிருந்து இருவரும் ஒரே தட்டு, ஒரே சீப்பு, ஒரே நகப்பூச்சு. நகப்பூச்சு தொழிற்சாலையில் தடை என்பதால் அதைக் கால் விரலுக்கு மட்டும் போட்டு, பூட்ஸுக்குள் மறைத்து, நாள் முழுக்க மகிழ்ந்துகொண்டிருப்பார்கள்.

ஒருமுறை ஜப்பான்காரப் பொறியாளர் ஒருவர் நாடு திரும்பினார். அவர் மனைவி வேண்டாத சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டு கேண்டீனில் வைத்துவிட்டுப் போனார். முந்தியவர்கள் அரிசிக் குக்கரையும் இஸ்திரிப் பெட்டியையும் அள்ளிக்கொண்டார்கள். கருப்பாயி போனபோது மிச்சம் கிடந்தது ஒரு குரோஷே புத்தகமும் இரண்டு கொக்கி ஊசியும்தான்.

எழுத்தில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அதில் புள்ளியும் கோடும் வட்டமுமாக வரைபடங்கள் இருந்தன. நாள் முழுக்க சர்க்யூட் படம் பார்த்துக் கம்பி ஒட்டுகிறவர்களுக்கு அது புது வித்தையா என்ன? நூலில் வளையம் போடு, வளையத்துக்குள் ஆறு கண் எடு. அடுத்த சுற்றில் கண்ணுக்கு இரண்டாகப் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினெட்டு. சுற்று தொடங்குகிற இடம் தப்பாமலிருக்க, தொழிற்சாலைச் சிவப்புக் கம்பியில் ஒரு துண்டை முதல் கண்ணில் செருகிவைத்தார்கள். உள்ளே அடைக்கப் பஞ்சு வாங்கவில்லை. கழித்துப் போட்ட வெள்ளைக் கையுறைகளைக் கத்தரித்துத் திணித்தார்கள்.

உடம்பு வந்தது, தும்பிக்கை வந்தது, கால்களும் வந்தன. பக்கத்தைத் திருப்பினால் காது. நீளக் காது.

"ஜப்பான் யானைக்குக் காது இப்பிடித்தான் போலடி," என்றாள் கருப்பாயி.

இருவரும் ஜப்பானுக்குப் போனதில்லை. விசாரணை அத்தோடு முடிந்தது.

நடுவில் இரண்டு தாள்கள் மைலோ பானம் கொட்டி ஒட்டிக் கிடந்ததும், யானை முடிவதற்குள் அவர்கள் முயலுக்குத் தாவிவிட்டதும் தெரியவந்தபோது ஒன்பது யானை ஆகிவிட்டிருந்தது. அதில் ஒன்றை ஜப்பான்கார மேலாளருக்குப் பிரியாவிடைப் பரிசாகவே கொடுத்திருந்தார்கள். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு மூன்று முறை குனிந்து வணங்கினார். இந்தியாவில் யானைக்குக் காது அப்படித்தான் போலும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இன்னொன்றை பஸ் ஓட்டுநர் கண்ணாடியில் தொங்கவிட்டார். விடியாத இருட்டில், செம்பனைக் காட்டு வளைவுகளில், தூக்கம் தெளியாத நாற்பது பெண்களுக்கு முன்னால் அது ஆடிக்கொண்டே போகும். ஷாமளாவுக்கு இன்றைக்கும் விடிகாலை என்றால் அந்த ஆட்டம்தான். பக்கத்தில் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்குகிற கருப்பாயியின் கனம்தான்.

அந்தக் கனத்தைத்தான் அவள் ஒரு கல்யாணப் பத்திரிகைக்காக இறக்கிவைத்தாள்.

யோங் பெங்கிலிருந்து மாப்பிள்ளை வந்தது தொண்ணூற்று ஏழில். மாப்பிள்ளையின் அப்பா 'கல்வி இலாகா' என்றார்கள். பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரரும் கல்வி இலாகாதானே. இலாகாவுக்குச் சமமாகப் பெண் வீட்டார் ஒன்று சொல்ல வேண்டுமே, 'பொண்ணு ஃபேக்டரி ஆபீஸ்ல கிளார்க்' என்றார்கள். ஷாமளாவும் மறுக்கவில்லை. கருப்பாயி கல்யாணத்துக்கு வந்தால் என்ன நடக்கும்? பந்தியில் உட்கார்ந்த மறுநிமிடம், 'நாங்க ரெண்டு பேரும் ஒரே லைன்ல சோல்டரிங்' என்று இலைக்கு இலை சொல்லிவிடுவாள். அவளுக்கு வாயில் பூட்டு கிடையாது. அதனால், "சின்னதா கோயில்ல வெச்சி முடிக்கிறாங்க, யாரையும் கூப்பிடல," என்று ஷாமளா அவளிடம் சொன்னாள். கல்யாணம் நடந்தது அறுநூறு பேருக்கு, யோங் பெங் மண்டபத்தில்.

மனோகரன் மூன்றாவது மாதமே கண்டுபிடித்துவிட்டார். மனைவிக்குத் தட்டச்சு தெரியவில்லை. ஆனால் கெட்டுப்போன வானொலியைத் திறந்து ஐந்து நிமிடத்தில் பாட வைத்தாள். அவர் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. அதற்காகவே ஷாமளாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. கருப்பாயிக்குக் கடிதம் எழுதலாம் என்று அவள் நினைத்தபோது அந்த லைனை மூடி, ஹாஸ்டலைக் காலி செய்து, எட்டுப் பேரும் எட்டுத் திசையாகிவிட்டார்கள்.

சனிக்கிழமை பயிலரங்கு காலை ஒன்பதுக்கு. சிறப்பு விருந்தினரான டத்தோ வந்தது பதினொன்றுக்கு. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மறுபடி பொன்னாடை. குரோஷே ஊசியைத் தாம் இளமையிலிருந்தே பெரிதும் மதித்து வருவதாகச் சிறப்பு விருந்தினர் சொன்னார். சொல்லும்போது அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவர் கிளம்பியதும் பொன்னாடைகள் மடிந்து அடுத்த நிகழ்ச்சிக்குப் பத்திரமாக உள்ளே போயின.

வசந்தினிக்கு நாற்பது வயதிருக்கும். பட்டுச் சேலை, ரவிக்கைக் கழுத்தில் ஒலிவாங்கி. "காது ஏன் மேல நிக்குதுன்னு பாருங்க," என்று யானையைத் தூக்கிக் காட்டினாள். "ஐராவதம் தேவலோகத்து நாதத்த கேக்குது. இது எங்க குடும்ப டிசைன். மூணு தலைமுறையா வெளிய விடாம வெச்சிருந்தோம்."

இருபது பெண்களும் அதைக் குறித்துக்கொண்டார்கள். ஷாமளா மட்டும் வளையம் போட்டு ஆறு கண் எடுத்தாள். முப்பது வருடத்துக்குப் பிறகும் விரல் மறக்கவில்லை. மதியத்துக்குள் மற்றவர்கள் யானைத் தலைக்கே சுற்றுப் போட்டுக்கொண்டிருக்க, அவள் யானை நாலு காலில் நின்றது.

"அக்கா ரொம்ப ஃபாஸ்ட் லா. முன்ன செஞ்சிருக்கீங்களா?"

"கொஞ்சம் பழக்கம், டீச்சர்."

சாப்பாட்டுக்குப் பிறகு காது. அங்கேதான் பயிலரங்கு சிக்கிக்கொண்டது. யார் தைத்தாலும் காது நிற்கவில்லை, நாய்க்காதுபோலத் தொங்கிற்று. வசந்தினி தானே ஒன்றை வாங்கித் தைத்துக் காட்டினாள். அதுவும் தொங்கிற்று.

"ஒன் மினிட். டெக்னிகல் டீம்ம கேட்டுக்கலாம்," என்று யானையும் கையுமாக, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மூலைக்குப் போனாள். ரவிக்கையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்துவிட்டாள். டெக்னிகல் டீமின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, எத்தன தடவ சொல்றது? காத தட்டையா மடி. அடிய கிள்ளிப் புடிச்சித் தை. கிள்ளாம தெச்சா எப்பிடி நிக்கும்? அம்மாவுக்குக் கஞ்சி ஆறுது, நான் வெக்கறேன்."

ஷாமளாவின் ஊசி நின்றது. குளியலறைக் கதவுக்கு வெளியே பாடிய அதே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான்.

எழுந்து நின்று அந்த மைலோ கதையைச் சொன்னால் போதும். ஐராவதமும் மூன்று தலைமுறையும் அந்த இடத்திலேயே சரிந்துவிடும். ஷாமளா பாதி எழுந்தும்விட்டாள். கலைச்சுடர் பட்டத்துக்காகக் கருப்பாயியை மூலையில் மறைத்துவைத்திருக்கிறாள் இந்தப் பெண். ஆபீஸ் கிளார்க் பட்டத்துக்காக அவளையே மறைத்தது யார்? ஷாமளா உட்கார்ந்தாள். காதைத் தட்டையாக மடித்து, அடியைக் கிள்ளித் தைத்தாள். நின்றது.

சான்றிதழ் வாங்கும் வரிசையில் கடைசி ஆளாகப் போனாள். "டீச்சர், போன்ல பேசனாங்களே, அவங்க பேரு கருப்பாயியா?"

வசந்தினியின் புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "எங்க அம்மாவ பாத்துக்கறவங்க. நீங்க…?"

"அவ ஹாஸ்டல்ல எனக்குப் பக்கத்துப் படுக்க. அந்தப் புஸ்தகத்துல பக்கம் ஒட்டிக்கிச்சு. மைலோ."

"அலமாக்," என்றது கலைச்சுடர், மெதுவாக. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "அக்கா, ப்ளீஸ் லா, இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. அடுத்த பேட்ச் ஃபுல். டத்தோ வேற பேசிட்டாரு. மாசா மாசம் அவங்களுக்கு இதுக்குன்னு தனியாவே குடுக்கறேன். மேடையில நிக்கச் சொன்னேன், அவங்கதான் வரமாட்டேன்னுட்டாங்க."

"எனக்கு சர்டிபிகேட்டும் வேணாம், யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். அட்ரஸ் குடுங்க."

வீடு பத்து நிமிடத் தூரம். வசந்தினியின் கார் முன்னால் போக, மனோகரன் பின்னாலேயே ஓட்டினார். வாசலில் நிறுத்தியதும், "நானும் வரணுமா?" என்றார்.

"வேணாம். திட்டு வாங்கப் போறேன். நீங்க பாக்கக் கூடாது."

கருப்பாயி சமையலறையில் கஞ்சிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முடி பாதி வெளுத்திருந்தது, உடம்பு இரண்டு மடங்காகியிருந்தது. திரும்பிப் பார்த்தாள். கோப்பையைக் கவிழ்த்துவைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள்.

"குண்டாயிட்டடி," என்றாள்.

"நீ மட்டும்?"

வசந்தினி தன் அம்மாவைப் பார்க்கும் சாக்கில் அறைக்குள் போய்விட்டாள். ஷாமளா வழியெல்லாம் கோத்துவைத்த பேச்சை எடுத்தாள். "கருப்பாயி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் கல்யாணம் கோயில்ல நடக்கல. மண்டபத்துல. அறுநூறு பேரு. உன்னைய…"

"தெரியும். நான் வந்தேனே."

"எங்க?"

"உன் கல்யாணத்துக்கு. லாபிஸ்காரிங்க யாரோ சொன்னாங்க. பஸ் புடிச்சி யோங் பெங் வந்தேன். வாசல்ல நின்னு உன்னைய திட்டணும்னுதான் வந்தேன். பந்திக்கு நேரமாயிட்டதால உள்ள இழுத்து ஒக்கார வெச்சிட்டாங்க, மாப்ள வீட்டுப் பக்கம். பக்கத்து எலைல ஒரு அம்மா சொல்றாங்க, பொண்ணு ஆபீஸ்ல பெரிய வேலையாமே, தெரியுமான்னு. அப்பத்தான் எனக்கு வெளங்கிச்சு, இவ ஏன் என்னைய கூப்பிடலன்னு."

ஷாமளா தலையைக் குனிந்துகொண்டாள். "நீ என்னா சொன்ன?"

"அதுக்குள்ள உங்க மாமனார் வந்துட்டாரு. யாரும்மா நீங்கன்னாரு. நான்தான் பொண்ணோட ஆபீஸ் மேனேஜர்னு சொன்னேன்."

ஷாமளா நிமிர்ந்தாள். மாமனார் சாகும்வரை அவர்கள் குடியிருந்த தாமானில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: 'என் மருமக கல்யாணத்துக்கு ஃபேக்டரி மேனேஜரே நேர்ல வந்தாங்க, லேடி மேனேஜர்.' கல்வி இலாகா மாதிரி இதுவும் அவர் இட்டுக்கட்டியது என்றே ஷாமளா இருபத்தேழு வருடம் நம்பியிருந்தாள். அந்தக் கிழவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மையை யாரும் நம்பவில்லை.

"ரெண்டு தடவ பாயசம் ஊத்துனாரு," என்றாள் கருப்பாயி. "விசிறி வேற போடச் சொன்னாரு."

"மேடைக்கு ஏன்டி வரல?"

"வந்தா நீ அழுதிருப்ப. மேக்கப் போட்டவ பாவம்." அடுப்பைப் பற்றவைத்துத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே தேயிலை டப்பாவைத் திறந்தாள். "பஸ்ஸுல திரும்பி வரும்போது நானும் அழுதேன். அது என் கணக்கு, உனக்கு எதுக்கு."

ஷாமளா எழுந்து போய் அவள் தோளில் தலையைச் சாய்த்தாள். முன்பு சாய்ந்தவள் அவள், தாங்கியவள் இவள். கருப்பாயி தள்ளிவிடவில்லை; சீனி டப்பாவை மட்டும் நகர்த்திவைத்தாள்.

"புருஷன் எங்க?"

"வெளிய, கார்ல."

"வெயில்ல ஒக்கார வெச்சிட்டு வந்திருக்கியா? வரச் சொல்லு. மேனேஜர் கூப்பிடறாங்கன்னு சொல்லு."

ஷாமளா வாசலுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே சொன்னாள். மனோகரன் காரை விட்டு இறங்கினார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டு, பக்கக் கண்ணாடியில் தலையை ஒருமுறை வாரிக்கொண்டு, செருப்பை ஓரமாகச் சேர்த்துக் கழற்றிவைத்துவிட்டு, முதுகை லேசாக வளைத்தபடி உள்ளே வந்தார்.