வெறும் மெயில்

1

இந்தக் கதை எனக்குப் பக்கத்து மேசையில் கிடைத்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில், புகார் வாங்கும் பிரிவில் இருக்கிறேன். பக்கத்தில் இருப்பவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். எழுதிக்கொள், பேர் மட்டும் போடாதே என்று அவளே சொல்லிவிட்டாள். [என்னைக் கொஞ்சம் ஒல்லியாக எழுது என்றும் சொன்னாள்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உலகத்தில் எத்தனையோ தூரங்கள் உண்டு, அவற்றில் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே உள்ள—’

வேண்டாம். அக்காவின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அவ்வளவு போதும்.

2

அதற்கு வெகுகாலம் முன்பே அப்பாவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. தம்பி தூரத்தில் மென்பொருள் எழுதுகிறவன். செய்தி கேட்டும் அவன் வரவில்லை. அக்காவின் ஆபீஸ் முகவரிக்கு ஒரு மெயில்தான் வந்தது. ‘அப்பாவுக்கு’ என்று ஒரே சொல்; கீழே ஒன்றுமில்லை. அடுத்ததும் அப்படியே. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் போட்டாள்.

“வெறும் மெயில் அனுப்பி யாரை நக்கல் பண்றே?”

“வெறும் மெயிலா? சோறு தண்ணி இல்லாம உக்காந்து செஞ்சு அனுப்பியிருக்கேன்க்கா. நீதான் ஒரு வார்த்தை சொல்லலை.”

3

அடுத்து வருகிறவரை வில்லியாக்கத்தான் நினைத்தேன். எங்கள் கணினிப் பிரிவு அம்மாவுக்குப் பட்டப்பெயர் ‘பூட்டு’. முன்பு மெயிலோடு வந்த அட்டாச்மென்ட் ஒன்றை யாரோ திறந்ததால் ஆபீஸே முடங்கியது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்புகூட எங்களுக்கு வரவில்லை. அன்று பூட்டு படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். அதன்பிறகு, ஆபத்தான வகைக் கோப்பு எது வந்தாலும் மெயில் புரோகிராமே சத்தமில்லாமல் கழற்றி எறியும்படி செய்துவிட்டார். [வில்லி போயாயிற்று. கதைக்கு நஷ்டம்தான்.]

தம்பி அனுப்பியதும் அப்படித்தான் போயிருந்தது. அக்கா வந்து கேட்டதும், பூட்டு தம்பியை வேறு வழியில் மறுபடி அனுப்பச் சொல்லி, எதோடும் இணைக்காத ஒரு பழைய கணினியில் சோதித்தார். திரை நிறையப் பெரிய பொத்தான்கள்: தண்ணி, வலிக்குது, ஜன்னலைத் திற, டிவியை நிறுத்து. அழுத்தினால் குரல் வந்தது. பேச முடியாத அப்பாவுக்காகத் தம்பி பேசி வைத்த குரல்.

பூட்டு ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் கேட்டார். பிறகு, “தடுத்தது சரிம்மா. தடுத்ததை உங்ககிட்ட சொல்லாம விட்டதுதான் தப்பு” என்றார்.

அன்றே அமைப்பை மாற்றினார். கதவைத் திறந்துபோடவில்லை. இனி அப்படி எது வந்தாலும் தனியே நிறுத்திவைக்கும்; நிறுத்திவைத்ததை அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் சொல்லும்; பூட்டு பார்த்த பிறகே உள்ளே விடும்.

4

அக்கா தொடுதிரை மடிக்கணினி ஒன்றை அப்பாவின் கட்டிலில் வைத்து ஒரு பொத்தானைத் தொட்டுக் காட்டினாள். மகனின் குரல் கேட்டதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் மூடப் போனாள். அசைவுள்ள கையால் தடுத்தார். கடைசி வரிசையில் ‘அவனைக் கூப்பிடு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அப்பா தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ‘அவன்’தான் என்று தம்பிக்குத் தெரியும். அப்பாவின் விரல் திரையின் மேல் அலைந்தது.

ஒரு முடிவில் அவர் அதைத் தொடுகிறார். எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது, கிழித்துவிட்டேன். இன்னொன்றில் டிவியை நிறுத்தச் சொல்கிறார். சிரிப்பு வந்தது, அதையும் கிழித்தேன். எதைத்தான் தொட்டார் என்று அக்காவிடம் கேட்டேன்.

“அது எங்க வீட்டு விஷயம்” என்றாள்.

ஒன்று மட்டும் சொன்னாள். ஒரே பொத்தானைத்தான் தொட்டாராம். தொட்டு, குரலைக் கேட்டுவிட்டு, மறுபடியும் தொட்டாராம். பொத்தான் கேட்டதை அவள் செய்து முடித்த பிறகும் தொட்டுக்கொண்டே இருந்தாராம்.

எந்தப் பொத்தான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.