பொன்னியம்மா வீட்டுக் கதவு

பருத்திப்பட்டில் அப்போது தச்சன் நான் ஒருவன்தான். ஏர் ஒடிந்தாலும் சரி, வண்டிச் சக்கரம் கழன்றாலும் சரி, செங்கல்வராய ஆசாரி பட்டறைக்குத்தான் வரவேண்டும். இதை ஏன் முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன் என்றால், என் பட்டறைக்கு நேர் எதிரே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எட்டு மாதமாகத் தாங்களே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவும் அவர்களே செய்வதாகத் திட்டம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

அவன் பெயர் தங்கவேல், அவள் பொன்னியம்மா. இரண்டு பேருமே அதுவரைக்கும் கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஜப்பான்காரன் சண்டை வந்து, ஆவடியில் பட்டாளம் கொட்டகை போட்டு இறங்கியதும், தங்கவேல் அங்கே பெட்டி இறக்கும் வேலைக்குப் போனான். உடைந்த பெட்டிப் பலகைகளை வேண்டுகிறவர்கள் எடுத்துப் போகலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். தினமும் சாயங்காலம் தலையில் இரண்டு பலகையோடு வந்து நிற்பான். பொன்னியம்மா அதிலிருந்து ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, ஒரு கொட்டாங்குச்சியில் போட்டு வைப்பாள். பகலெல்லாம் மண்ணை மிதித்துச் சுவர் எழுப்புவது அவள் வேலை.

தங்கவேல் கட்டை, அவள் நெட்டை. இரண்டு பேரும் ஜோடியாகச் சந்தைக்குப் போனால், உரலும் உலக்கையும் போகிறது பார் என்று ஊர் சிரிக்கும். அவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். அதுதான் எனக்குப் பிடிக்காது. கேலி செய்தால் கொஞ்சமாவது கோபித்துக்கொள்ள வேண்டாமா?

கைவேலை என்றால் இரண்டுக்கும் பைத்தியம். அவள் ஏரிக் கோரையை அறுத்து வந்து பாய் முடைவாள், விசிறி பின்னுவாள், பழங்கயிற்றில் உறி கட்டுவாள். அதெல்லாம் அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். அவன் செய்ததுதான் சகிக்காது. மூன்று கால் வைத்தால் எந்த மேட்டிலும் ஆடாது என்றுதான் முக்காலி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அவன் செய்த முக்காலி ஆடியது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "இன்னா பொன்னி, ஊஞ்சல் மாரி கீதுல்ல?" என்று கேட்டான். அவளும், "ராசா மாரி கீற மாமா" என்றாள்.

மார்கழியில் அவளுக்குக் கர்ப்பம் எட்டு மாதம் முடிந்தது. அவளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆறு வயதிலிருந்து எடுத்து வளர்த்தவர் திருநின்றவூர்ச் சித்தப்பா. கிழவருக்கு அறுபது வயது, பெயர் என்னவோ சின்னப்பையன். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப்போக வந்தவர், வாசலில் கதவுக்குப் பதில் கோணிச் சாக்கு தொங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா கண்ணு இது? ஏரிக்கரையில நரி சுத்திகினு கீது. கதவில்லாத ஊட்ல கொயந்த பெத்துக்கப் போறியா?"

"கதவு வந்துடும் சித்தப்பா. நான் இங்கயே கீறனே."

அவர் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "சரி. பொங்கல் கழிச்சி வர்ற வெள்ளிக்கெயம வண்டி கட்டிகினு வருவேன். கதவு நின்னுகினு இருந்தா நீ இரு. சாக்கு தொங்கிச்சின்னா, பேசக்கூடாது, வண்டில ஏறிடணும்."

திருநின்றவூரில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சித்தி நாகம்மாள் தங்கமான மனுஷி. ஆனாலும் பதினைந்து வருஷம் ஒருவர் வீட்டு மூலையில் ஒடுங்கிப் படுத்தவளுக்குத் தன் குழந்தையாவது தன் வீட்டில் கண் விழிக்க வேண்டும் என்று ஆசை. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் தங்கவேலிடம் சொல்லி அழுதது எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை அவள் வாசல் சுவரை ஏற்றி முடித்தாள். கதவுக்கு விடவேண்டிய இடத்தைக் கையால் அளந்தாள்: உயரம் நாலு முழம், அகலம் இரண்டு முழம். "மாமா, நாலுக்கு ரெண்டு!" என்று கத்தினாள். வீட்டுப் பக்கவாட்டில் பலகையோடு உட்கார்ந்திருந்தவன், "நாலுக்கு ரெண்டு!" என்று திருப்பிக் கத்திவிட்டு, தன் கையால் நாலு முழமும் இரண்டு முழமும் அளந்து அறுக்க ஆரம்பித்தான்.

யாருடைய முழம் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரைக்கும் உள்ள நீளம் அவனுடையதைவிட மூன்று விரற்கடை கூடுதல். பட்டறையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. என் முழக்கோல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்காதவனுக்குச் சொல்வானேன் என்று இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். என் புத்தி அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

பொங்கல் கழிந்த வியாழக்கிழமை காலை நிலையையும் கதவையும் சுமந்துவந்து வாசலில் நிறுத்தினார்கள். மேலே ஒரு சாண் இடைவெளி, பக்கத்தில் ஆறு விரற்கடை இடைவெளி. தங்கவேல் தன் கையைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். இரண்டு பேரும் கையோடு கை வைத்து அளந்து பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், தெரு நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன. சிரித்துக்கொண்டே இருந்த பொன்னியம்மா சட்டென்று தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு வந்துடுவாரு மாமா. மண்ணு வெச்சி அடைச்சாலும் காயாதே."

என் கை முழக்கோல் வரைக்கும் போயிற்று. ஆனாலும் வீம்பு. நகரவில்லை.

தங்கவேல் வாசலையே சுற்றிச் சுற்றி வந்தான். "அடுப்புப் பொகையில கண்ணு எரியுதுன்னு சொல்லிகினு இருந்தல்ல? மேல அடைக்காத. பொகை அப்டியே பூடும். பக்கத்துல சட்டம் அடிச்சிடலாம். ஆரு வந்து தட்டறாங்கன்னு எட்டிப் பாத்துட்டுத் தொறப்ப." சொன்ன கையோடு மிச்சப் பலகையைக் கீற ஆரம்பித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணிக் கொட்டாங்குச்சியை எடுத்தாள். சூரியன் சாய்வதற்குள் நிலை நின்றுவிட்டது. மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம், பக்கத்தில் ஏணிப்படிபோலச் சின்னச் சின்னச் சட்டம். செம்மண்ணும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாகப் பூசி, கோடிழுத்து, அவள் அதை ஒரு மாதிரி அழகாக்கிவிட்டாள். என் தொழிலில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆனால் தச்சன் கண் வேறு ஒன்றையும் பார்த்தது. தாழ்ப்பாளை அந்தச் சட்டம் அடித்த பக்கமே வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறும் நேரத்துக்குச் சின்னப்பையன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வண்டியில் மெத்தென்று வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் போட்டிருந்தது. இறங்கி வந்து கதவைத் தடவினார், தட்டினார்.

"உள்ள போயித் தாப்பாளப் போடு கண்ணு. பாக்கறேன்."

அவள் குனிந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கிழவர் தோளைக் கொடுத்து முட்டினார். கதவு அசையவில்லை. தங்கவேல் முகம் மலர்ந்துபோயிற்று. அப்போதுதான் கிழவர் பக்கத்துச் சட்டத்தைப் பார்த்தார். சட்டத்தின் நடுவே கையை விட்டார். உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

"இன்னா மாப்ளே, திருடனுக்கு வழி வெச்சிக் கதவு பண்ணிகீறயா?"

கிழவர் கையை இழுத்தார். கை வரவில்லை. உள்ளேயிருந்து அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, ஆத்தா செத்தன்னிக்கி இந்தக் கைதான் என்னத் தூக்கிகினு போச்சி. நான் மறக்கல. உங்க ஊட்ல சோறு துன்னேன், ஒரு நாளு கூட நீங்க மொகம் சுளிச்சதில்ல. ஆனா அது உங்க ஊடு. இது நானும் மாமாவும் மண்ணு மிதிச்சிக் கட்டினது. கோணலாத்தான் கீது. என் புள்ள இதுல பொறக்கட்டும். வண்டில ஏறுன்னு சொல்லாதீங்க."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பட்டறையிலிருந்த நல்ல தேக்குப் பலகை ஒன்றையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

"பெரியவரே, கையை எடுங்க. தாப்பாளுக்கு நேரா இந்தப் பலகைய அடிச்சிட்டா எந்தத் திருடன் கையும் உள்ள போவாது. நாலு ஆணி வேல." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அளவு தப்பும்போதே நான் பாத்தேம்மா. என்னக் கேக்கலையேன்னு சும்மா இருந்துட்டேன். தப்புதான்."

கதவு திறந்தது. பொன்னியம்மா குனிந்து வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பாத்துகினா இருந்த? அட ஆசாரி! நல்லவேள, நீ சொல்லிகீந்தா இந்தச் சட்டம் வந்திருக்குமா?" என்று சிரித்தாள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பலகையை அடித்தேன். கிழவர் மறுபடியும் கையை விட்டுப் பார்த்தார். எட்டவில்லை. இன்னும் ஒருதரம் பார்த்தார்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான். நீ இரு" என்றார். சொன்னவர் முகம் தொங்கிப்போயிற்று. "உன் சித்திதான்... வெந்நி அண்டா கழுவி வெச்சிகினு, காலையிலருந்து வாசலப் பாத்துகினு நிக்கறா. வெறும் வண்டியோட போயி அவகிட்ட இன்னா சொல்லுவேன்?"

கிழவர் வண்டியில் ஏறி, கயிற்றைக் கையில் எடுத்தார். மாட்டைத் தட்டப்போனவர் திடீரென்று திரும்பினார்.

"தலைப்பெரசவம் தாய் ஊட்லன்னுதானே மொற? தாய் எங்க கீறாளோ அதான்டி தாய் ஊடு. அவள இங்க கூட்டியாந்துடறேன்!"

அன்று சாயங்காலமே வண்டி திரும்பி வந்தது. அதே வைக்கோல்மேல் நாகம்மாள், பிரசவ மருந்துச் சரக்கு கட்டிய மூட்டையும் அண்டாவுமாக உட்கார்ந்திருந்தாள். இறங்கியவள் வாசலில் வந்து, புதுக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றாள். சட்டத்துக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது. தாழ்ப்பாள் விலகிற்று.

சின்ன வயதிலிருந்து பிறர் வாசலில் நின்று, யாராவது கூப்பிட்ட பிறகே உள்ளே போய்ப் பழகியவள் பொன்னியம்மா. அவள் கதவை அகலத் திறந்து, சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"உள்ள வா சித்தி. நம்ம ஊடுதான்."