மெஷின் ஓடும்போது மட்டும்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே! டாக்டர் இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார், கடைப் பாக்கெட் தீனியை விடுங்கள் என்று. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நம் கடிகாரக்காரர் மனைவியைச் சீண்டினார்.

"என்னைப் பத்திக் கவலை இல்ல. உன் நாக்குதான் அடங்காது."

மனைவியான தையல்காரம்மா விடுகிற ஆளா? "சரி, பந்தயம். யாரு முதல்ல கடையில பாக்கெட் வாங்குறாங்களோ, அவங்கதான் இனிமே வீட்டுல தின்பண்டம் செய்யணும். அதுவரைக்கும் நான் செய்யறேன்."

செய்தாள், மகராசி. கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, வேகவைத்து, துணியில் உலர்த்தி, கனத்த வாணலியில் சிறு தீயில் வறுத்து, உப்பும் மிளகும் பிரட்டிக் கொடுத்தாள். ஒரு பாக்கெட் விலைக்கு வாரம் முழுக்கத் தின்னலாம். ருசிக்கும் குறைவில்லை, அவரே கிண்ணத்தை வழித்துத் தின்றார். ஆனாலும் கனவில் சிப்ஸ் வர ஆரம்பித்தது. மனுஷன் என்ன செய்வார்?

நாலைந்து சிப்ஸ் பாக்கெட் வாங்கிவிட்டார். ரிப்பேருக்கு வந்து, யாரும் திரும்பக் கேட்காத பழைய சுவர்க்கடிகாரம் ஒன்று அவர் வேலை பார்க்கும் முன்னறையில் இருந்தது. அதற்குள் ஒளித்தார். தின்பதில்தான் சங்கடம். அடுத்த அறையில் அவள். நடுவே ஒரு திரைதான். சிப்ஸைக் கடித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால் அவள் மெஷின் கடகடவென்று ஓடும்போது மட்டும் கடிப்பார். மெஷின் நின்றால் தாடையும் நிற்கும். நீளத் தையல் வந்தால் கொண்டாட்டம், பட்டன் தைக்க உட்கார்ந்தால் பட்டினி. "அந்தப் போர்வையை எப்பம்மா தைக்கப்போற?" என்று அக்கறையாக வேறு விசாரிப்பார். திருட்டுப் பூனை!

அன்று அவள் தைத்தது ஒரு வெல்டரின் கால்சட்டை. தடித்த துணி, மெஷின் உறுமியது. அவர் வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார். திடீரென்று 'டக்'கென்று ஊசி ஒடிந்தது. மெஷின் நின்றது.

அவரும் நிறுத்தினார். ஆனால் கடிக்கும் சத்தம் நிற்கவில்லை. மொறுக், மொறுக். திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

அடிப்பாவி! ரிப்பேருக்காகக் கண்ணில் செருகிய லென்ஸோடு எழுந்து ஓடித் திரையை விலக்கினார். அவள் ஒரு கை துணியில், மறு கை பாக்கெட்டுக்குள். உதடெல்லாம் மிளகாய்ப் பொடி.

"மாட்டினியா! இனி ஆயுசுக்கும் நீதான் வறுக்கணும்!" சந்தோஷத்தில் அவர் வாயிலிருந்த சிப்ஸ் தெறித்தது.

அவள் நிதானமாக மென்று விழுங்கினாள். "வாங்கினாத்தானே தோல்வி? நான் எங்க வாங்கினேன்?"

"பின்ன, வானத்துலேருந்து விழுந்துதா?"

"உங்க சுவர்க்கடிகாரத்துலேருந்துதான். நீங்க குளிக்கப் போறப்ப ஒரு பாக்கெட் எடுத்துப்பேன்."

அட, இதுதான் சங்கதியா! பாக்கெட்டெல்லாம் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறதே, நமக்கு இத்தனை பேராசையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாரே!

மறுநாள் அடுப்படியில் வேர்க்க விறுவிறுக்கக் கடலையைக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் வந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"கருகிடுச்சு. பரவால்ல, பழகிடும்" என்றாள். "அப்புறம், மிளகாய் போட்ட சிப்ஸ் எனக்கு ஒத்துக்கலைங்க. அடுத்த தடவை வெறும் உப்பு போட்டதா வாங்கி வைங்க."