வாழ்த்துப் பெட்டிக்கு அடியில்

அந்தப் புகைப்படக்காரருக்கு ஊர் வைத்த பெயர் தலைவெட்டி. ஊர் வைத்தது என்பது சும்மா மரியாதைக்கு. வைத்தவர் கூடப் பிறந்த அண்ணன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கழுத்து வரைக்கும் மட்டும் படம் எடுத்துத் தொலைத்தார். யாரும் செய்யக்கூடிய தப்புதான், தானாக மறந்துபோயிருக்கும். ஆனால் அண்ணன் வைத்திருந்தது மருந்துக்கடை. தலைவலி மாத்திரை கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "தலைன்னு ஒண்ணு இருந்தா வலிக்கத்தான் செய்யும். என் தம்பிகிட்ட போங்க, எடுத்துருவான்" என்று சொல்லிச் சிரித்தார். இருமலுக்கு வந்தவர்களும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு போய்ப் பரப்பினார்கள். ஒரே வருடத்தில் தம்பியின் ஸ்டுடியோவுக்குப் பூட்டு விழுந்தது.

அதற்குப் பிறகு கிடைத்த வேலைதான் வாரப் பத்திரிகையின் 'ஊர் நடப்பு' பக்கம். சுற்று வட்டாரத்துச் சின்ன நகரங்களின் நல்ல சேதிகள் மட்டும் அதில் வரும். பூங்காவுக்குப் புது பெஞ்சு வந்தது, நின்றுபோன நகராட்சிக் கடிகாரம் மறுபடி ஓடியது, ஒரு வாத்துக் குடும்பம் சாலையைக் கடக்கப் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தியது. படித்தால் வயிறு எரியாத ஒரே பக்கம் என்று ஊரே மெச்சும். படம் எடுத்தவருக்கு மட்டும் வாராவாரம் எரிந்தது. ஏனென்றால் நூலகக் குழு, விளையாட்டுக் குழு, மரம் நடும் குழு என்று எந்த விழாவுக்குப் போனாலும் அங்கே அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய படத்தின் மேலேயே, பார்ப்பவருக்கு வலது மூலையில், 'வாழ்த்துகள்' என்று சிவப்புப் பெட்டி ஒன்றை அச்சிடுவார்கள். அதற்கு அடியில் எவர் தலை மாட்டினாலும் போயிற்று. சட்டையும் கையும்தான் மிஞ்சும். விவரமான படக்காரர் அந்த மூலையைக் காலியாக விட்டு எடுப்பார். தலைவெட்டியும் விவரமானவர்தான். அங்கே அண்ணனை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க அந்த ஓரமா வாங்க. அங்கதான் வெளிச்சம் நல்லா விழுது."

எட்டு வருடமாக இதே பாட்டு. ஆசிரியர் ஒருமுறை அந்தப் பெட்டியைப் படத்துக்குக் கீழே இறக்கலாம் என்றபோது, பக்கத்தின் களையே போய்விடும் என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டவர் இவர்தான். போன வருடம் அண்ணன் மகள் ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். மகளோடு அண்ணனும் நின்றார். அந்தப் படத்தைக்கூட இவர் விட்டுவைக்கவில்லை. பத்திரிகை வந்த காலையில், தன் பெண்டாட்டியும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, காபி புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

இந்த வருடம் தலைவெட்டியின் மகள் ஜெயித்தாள். மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி. காலை ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்பவருக்குத்தான் பரிசு. பரிசு வாங்கும் பிள்ளையோடு பெற்றவரும் நிற்கவேண்டும் என்பது பத்திரிகையின் ஏற்பாடு. பெண்டாட்டிக்குப் பரிசு கொடுக்கும் நாளில் வேலை, வர முடியவில்லை. தலைவெட்டி கோட்டு இரவல் வாங்கி, முடியை எண்ணெய் போட்டுப் படிய வாரிக்கொண்டு போனார். மகள் பக்கத்தில், தோளுக்கு மேல் தலையோடு, ஊர் பார்க்க ஒரு படம். அது வந்துவிட்டால் அந்தப் பாழாய்ப்போன பட்டப்பெயர் ஒழிந்துவிடும் என்று மனதார நம்பினார்.

கேமராவை யாரிடம் கொடுப்பது என்று அவர் தேடுவதற்குள் மகள் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, நீங்க எடுங்க!"

அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். கொடுத்துவிட்டு, விளையாட்டுக் குழுத் தலைவியம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் பத்திரமாகப் புகுந்துகொண்டார்.

அண்ணன் கேமராவுக்குள் ஆற அமரப் பார்த்தார். "தம்பி, நீ அந்த ஓரமா வா. அங்கதான் வெளிச்சம் நல்லா விழுது."

தலைவெட்டி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "எனக்கு இந்த வெளிச்சமே போதும்."

"அண்ணன் சொல்றாருல்ல, தள்ளித்தான் நில்லுங்களேன் சார்," என்று தலைவியம்மா எரிந்து விழுந்தார். "வெயில் மண்டையப் பொளக்குது."

மகளே அவர் கையைப் பிடித்து அந்த ஓரத்துக்கு இழுத்தாள். அண்ணன் படத்தை எடுத்துவிட்டார். இன்னொன்று எடுக்கலாம் என்று அவர் வாய் திறப்பதற்குள் தலைவியம்மா கார் ஏறிவிட்டார்.

நேராக அலுவலகத்துக்கு ஓடி, பக்கம் வடிவமைக்கும் அம்மாவிடம் கெஞ்சினார். "மேடம், இந்த ஒரு வாரம் அந்தப் பெட்டியக் கீழ இறக்குங்களேன்."

"களை போயிடும்னு மேசையத் தட்டினது நீங்கதானே சார்? அதத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு ஆசிரியர் அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்ப இடது பக்கம் போடுங்க."

"தலைவியம்மா மூஞ்சி மேலயா? உங்களுக்கு வேற வேலை கிடைச்சிருச்சா?"

பத்திரிகை வந்தது. மகளின் முகம் பளிச்சென்று இருந்தது. அவள் பக்கத்தில் இரவல் கோட்டு, அதற்கு மேல் 'வாழ்த்துகள்'. தலைவெட்டிக்கே தலை போச்சு என்று கடைத்தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

மருந்துக்கடைக் கண்ணாடியில் அண்ணன் அந்தப் பக்கத்தை ஒட்டியே வைத்திருந்தார். தலைவெட்டி அதைப் பிய்க்கப் போனார்.

"கைய எடுடா."

"வேணும்னே செஞ்சிருக்கே."

"எட்டு வருஷமா நீ என்ன, தெரியாமலா செஞ்சே?" அண்ணன் அவர் கையைத் தட்டிவிட்டார். "எனக்கு இந்தப் பெட்டி விஷயமே தெரியாதுடா. என் ராசி அவ்வளவுதான்னு இருந்தேன். பரிசு குடுக்குறதுக்கு மொத நாள் உன் பொண்ணு கடைக்கு வந்தா. எங்க நிறுத்தணும், என்ன சொல்லணும், எல்லாம் அவதான் சொல்லிக் குடுத்தா."

வீட்டு வாசலில் மகள் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா சொன்னே?"

"ஆமா."

"நான் உன்னப் பெத்தவன்டி!"

"அக்காகூட நின்ன பெரியப்பாவும் அவளப் பெத்தவர்தான்." அவள் பம்பைக் கீழே போட்டாள். "அந்த வாரம் பூரா அவ அழுதா. பள்ளிக்கூடத்துல எல்லாரும் தலையில்லாத அப்பான்னு கேலி பண்ணாங்க. நீங்க அன்னிக்குக் காபி புரையேறச் சிரிச்சீங்க, நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தை விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இப்பச் சிரிங்கப்பா."