பேர் கேட்காத தீவு

குற்றாலம் அருவிக்கரைக் கல்லில் குப்புறப் படுத்திருந்த சென்னைப் பையனின் முதுகில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார் இசக்கிமணி. பையனின் பெரிய முதுகுப்பை பக்கத்தில் சாரலில் நனைந்து கிடந்தது. டூரிஸ்ட் எவனும் போகாத இந்தோனேசியத் தீவுகளாகப் பார்த்துச் சுற்றிவிட்டு வந்தவனாம்.

இசக்கிமணி அவன் தோள்பட்டைக்குக் கீழே முழங்கையை ஊன்றித் திருகி, அதே இடத்தில் உள்ளங்கையால் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார்.

"அண்ணா, அங்க ஒரு தீவுல தமிழ்க்காரர் ஒருத்தர் இப்படியேதான் தேய்ச்சு விட்டாரு. இதே தட்டு!"

இசக்கிமணியின் கை நின்றுவிட்டது. அந்தத் தட்டு அவருடைய அப்பாவின் கைவழி. இசக்கிமணி அதைப் பழக்கியது தன் மகன் குற்றாலீஸ்வரன் ஒருவனுக்குத்தான். மீன்பிடிக் கப்பல் வேலை என்று போனவன், ஐந்து வருஷமாக உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை.

"இடது புருவத்துல வெட்டுத் தழும்பு கெடந்துதா சார்?"

"ஆமாண்ணா. தெரிஞ்சவரா?"

"எம் மவன் சார். எந்தத் தீவுன்னு மட்டும் சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பையன் எழுந்து உட்கார்ந்தான். "கிடைச்ச படகுல ஏறிப் போனேன்ணா. பேரெல்லாம் கேட்டுக்கல. நெட்ல போட்டோ போட்டா அங்கயும் கூட்டம் வந்துரும்னு போட்டோவும் எடுக்கல."

"ஊரு, வீடுன்னு எதாவது சொன்னானா?"

பையன் தலை குனிந்துகொண்டான். "கேட்டேன்ணா. எனக்கு யாரும் இல்லன்னாரு."

இசக்கிமணி உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டார். "படுங்க சார், மறுபக்கம் பாக்கி கெடக்கு" என்றார்.

முழங்கையை ஊன்றித் திருகினார். தட்டுவதற்குக் கை எழவில்லை.